மாலையைக் கழற்றியவர்

எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவருக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘எதுக்கு’. நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வியும் இல்லை அது. கதவைச் சாத்துகிற மாதிரி சொல்வார். இப்போது அவர் பஸ் ஓட்டுவதில்லை. பாகலூரைத் தாண்டி ஒன்றரை ஏக்கரில் முட்டைகோசும் ரோஜாவும் போட்டுக்கொண்டிருக்கிறார். அவரைத் தெரியாதவர்கள்கூட அவரைப் பார்த்திருப்பார்கள். காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள், ராணுவ வீரர் ஒருவரின் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, அவரை ஜீப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போகிற வீடியோ ஒன்று ஒரு வாரம் எல்லார் போனிலும் ஓடியது. நானும் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அந்த ராணுவ வீரர் என் வீட்டுக்காரர்.

வீடியோவை விடுங்கள். முதலில் ஆளைச் சொல்கிறேன்.

குட்டையான மனிதர். ஐம்பதைத் தாண்டியவர். காக்கிச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். கியருக்குப் பக்கத்தில் ஒரு பழைய துண்டு கிடக்கும். சிக்னலில் நின்றால் உடனே அதை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, தலைக்கு மேல் தொங்குகிற கண்ணாடி எல்லாம் துடைத்தாக வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுவார், சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றிலும் எரிந்து விழுவார். உள்ளூர்ப் பெண்கள் அவரை ‘அண்ணா’ என்பார்கள். நான் சாத்தூர்க்காரி, ‘அண்ணே’ என்பேன். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

சூளகிரிப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கம்பெனி. கார்களுக்கு வயர் கட்டுகிற வேலை. எங்கள் லைனில் எல்லாரும் பெண்கள்தான். காலை ஷிப்டுக்கு மூக்கண்டப்பள்ளியில் என்னை ஏற்றுகிற நேரம் ஐந்து இருபது. ஐந்து இருபத்தொன்றுக்கு மூச்சு வாங்க ஓடி வந்தால் பஸ்ஸின் முதுகைப் பார்க்கலாம். யார் யார் ஏறலாம் என்று ஒரு பெயர்ப் பட்டியல் அவர் தலைக்கு மேலே செருகியிருக்கும். பட்டியலில் இல்லாதவர் ஏறக்கூடாது என்பது கம்பெனி சட்டம். ஒரு நாள் எங்கள் டிரான்ஸ்போர்ட் ஆபீசரே பைக் பஞ்சராகி ரோட்டோரம் நின்று கை காட்டினார். இவர் பஸ்ஸை நிறுத்தினார், கதவைத் திறக்கவில்லை. பட்டியலை எடுத்து நிதானமாகப் படித்தார்.

“உங்க பேரு இல்லீங்களே சார்.”

“யோவ், அந்த லிஸ்ட்ட போட்டதே நான்தான்யா.”

“போட்டப்பவே உங்க பேரையும் போட்டிருக்கலாமில்ல.”

அவ்வளவுதான், கிளம்பிவிட்டார். நாங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். அன்றைக்கு மத்தியானம் அவருக்கு ஒரு மெமோ வந்தது. அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆயுத பூஜைக்கு மற்ற பஸ்களைப் பார்க்க வேண்டுமே, கல்யாண வீட்டு வாசல் தோற்றுப்போகும். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடி முழுக்கச் சந்தனம், குறுக்கே ஆள் உயர மாலை. இவர் பஸ் மட்டும் குளித்துவிட்டு வந்து நிற்கிற மாதிரி நிற்கும். ஒரே ஒரு குங்குமப் பொட்டு, அதுவும் பம்பரில். “கன்னு கட்டுனா லைட்ட மறைக்கும். மால போட்டா வைப்பர்ல சிக்கும். எதுக்கு?” என்பார். பூசணிக்காய் உடைக்க மட்டும் ஒத்துக்கொள்வார். உடைத்த கையோடு, குங்குமத்தில் ஊறிய துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொள்வார். திருஷ்டி கழித்ததைக் கையால் தொடலாமா என்று மற்ற டிரைவர்கள் பதறுவார்கள். “பைக்ல வர்றவன் வழுக்கி வுழுந்தான்னா அவனுக்கு யாருய்யா திருஷ்டி சுத்தறது?” என்று கேட்டுக்கொண்டே ரோட்டைக் கூட்டுவார்.

இதையெல்லாம் கேட்டு அவரைத் தங்கமான மனுஷர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் லைனில் ஒரு பெண்ணின் அப்பா இறந்துபோனார். சாவு வீட்டுக்குப் பெரிய மாலையாக வாங்கிப் போகலாம் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தோம். “மால எதுக்கு? அவரு போட்டுக்கினு எங்க போவப்போறாரு?” என்றார். அந்தப் பெண்ணின் தங்கையும் அதே பஸ்ஸில்தான் இருந்தாள். அவள் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. பிறகு போய்ப் பார்த்தால், எங்களுக்கு முன்னாலேயே அவர் அந்த வீட்டுக்கு வந்து, வந்தவர்கள் குடிக்க இரண்டு டிரம் தண்ணீர் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்காக அவர் சொன்னது சரியாகிவிடாது. சொல்லியிருக்கக் கூடாது. ஒரு வாரம் அவரோடு யாரும் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்த மாதிரியும் இல்லை.

நான் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் அப்போது வடக்கே எங்கோ பனிமலையில் இருந்தார். வாரத்துக்கு ஒரு முறை போன் வந்தால் அதிகம். ஒரு நாள் ஏறியபோது டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டில் அவருடைய சாப்பாட்டுப் பை இருந்தது. நான் பக்கத்தில் போனதும் பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. பிரசவ லீவில் போகிற வரைக்கும் அந்தப் பை எனக்காக அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தது. ஸ்பீடு பிரேக்கரில் பஸ் ஏறி இறங்குவதே தெரியாது. கடைசி நாளன்று, “ரொம்ப நன்றிண்ணே” என்றேன். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

மகளுக்கு ஒரு வயது முடிந்து காது குத்துவதற்காக என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். கிருஷ்ணகிரி ரோடு முழுக்க மாம்பழ லாரிகள் ஓடுகிற கோடைக்காலம். அவர் வந்த ஐந்தாம் நாள் எல்லையில் சண்டை மூண்டது. டிவியை வைத்தால் ஒரே வெடிச் சத்தம். அவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். போன் அடித்தால் நான் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன்.

கம்பெனியில் அந்த வாரம் எங்கே பார்த்தாலும் கொடி. கேண்டீனில், கேட்டில், சூப்பர்வைசர் சட்டைப் பையில். எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்கவில்லை. என் புருஷனுக்காக இத்தனை பேர் கொடி பிடிக்கிறார்கள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. எல்லா பஸ்ஸின் முன்னாலும் ‘நம் வீரர்களோடு நிற்கிறோம்’ என்று பெரிய பேனர் கட்டச் சொல்லி ஆபீசர் உத்தரவு போட்டார். எங்கள் பஸ்ஸில் மட்டும் பேனர் பின்பக்கத்தில் தொங்கியது. முன்னால் கட்டினால் இடது பக்கம் வருகிற பைக் தெரியாது என்று இவர் மறுத்துவிட்டாராம். இந்த ஆளுக்கு நாட்டுப் பற்றே கிடையாது என்று பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு. எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. நேராகவே கேட்டேன்.

“எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல இருக்காருண்ணே. அவருக்காக ஒரு பேனரு முன்னாடி கட்டக்கூடாதா?”

“எதுக்கு? அவரு வந்து என் கண்ணாடிய பாக்கப்போறாரா?”

“மரியாதைக்குண்ணே.”

“உன்ன கை கால் ஒடயாம வூட்ல கொண்டுபோய் வுடறேன். அவருக்கு அத வுட இன்னா மரியாத வேணும்?”

என் கோபம் கூடியது. இரண்டு நாள் அவரைப் பார்க்காத மாதிரி ஏறி இறங்கினேன்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. வேலையில் இருந்தபோது வீட்டிலிருந்து போன். லீவு ரத்து, உடனே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். யஷ்வந்த்பூரில் இரவு ஏழு பத்துக்கு ரயில். பட்டாளத்தில் கூட இருக்கிற ஒருவர் எப்படியோ அதில் அவருக்கு இடம் வாங்கிவிட்டார். அதை விட்டால் நாலு நாளைக்கு எந்த ரயிலிலும் இடம் கிடையாது. “பசங்கள்லாம் முன்னாடி போயிருவாங்க. நான் மட்டும் லேட்டா போய் நிக்கக்கூடாது” என்றார். சண்டை நடக்கிறபோது நேரத்துக்குப் போகாத சிப்பாய்க்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தண்டனையைவிட, கூட இருந்தவர்கள் போய்விட்டார்கள் என்பதை அவர் ஆயுசுக்கும் சுமப்பார் என்பதும் தெரியும்.

இரண்டே முக்காலுக்கு ஷிப்டு பஸ் கிளம்பியது. ஓசூர் வந்துகொண்டிருக்கிறபோது மறுபடியும் போன். மகளை என் அக்காவிடம் விட்டுவிட்டு, அவர் டிரங்குப் பெட்டியோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாராம். பெங்களூர் பஸ் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. ஜூஜூவாடியில், கர்நாடக எல்லையில், ராணுவத்துக்கு ஆதரவாகப் பைக் ஊர்வலம். ரோடே அடைத்துக் கிடக்கிறது. வாடகைக் கார்க்காரர்கள் வர மாட்டேன் என்கிறார்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் போகிற மத்தியான ரயிலும் போய்விட்டது. எங்கள் பஸ் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரா வரை போகும். ஆனால் பட்டியலில் என் வீட்டுக்காரர் பெயர் இல்லை. அந்த ஆளோடு நான் பேசி இரண்டு நாள் ஆகிறது.

எழுந்து போய் அவர் சீட்டுக்குப் பின்னால் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எத்தினி மணிக்கு ரயிலு?”

“ஏழு பத்துண்ணே.”

மணியைப் பார்த்தார். “ஸ்டாண்டுக்கு வெளிய, பாலத்துக்குக் கீழ நிக்கச் சொல்லு. பொட்டிய கையில தூக்கி வெச்சுக்கச் சொல்லு.”

பாலத்துக்குக் கீழே பஸ் முழுதாக நிற்கக்கூட இல்லை. “ஏறு” என்றார், என் வீட்டுக்காரர் ஏறினார். பட்டியலைப் பற்றி யாரும் பேசவில்லை. பாகலூர் வழியாகச் சுற்றிப் போகலாமே என்று யாரோ சொன்னதற்கு, “அங்க பாலத்த ஒடச்சுப் போட்டிருக்கான். நான் தெனமும் வர்ற ரோடு, எனக்குத் தெரியாதா?” என்று ஒரு அதட்டல்.

ஜூஜூவாடிக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் லாரியும் காரும். அதற்கும் முன்னால் கொடி, கொடி, கொடி. இருநூறு முந்நூறு பைக் இருக்கும். நடுரோட்டில் ஒரு திறந்த ஜீப், மைக், பாட்டு. ஓசூர்க்காரர்கள் இந்தப் பக்கமிருந்து வந்துவிட்டார்கள், பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் வந்ததும் இரண்டு மாநிலமும் சேர்ந்து உறுதிமொழி எடுக்கப்போகிறார்களாம். இருபது நிமிஷம் போயிற்று. என் வீட்டுக்காரர் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு மணியைப் பார்த்தபடி இருந்தார். டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“ஒரு வண்டி மட்டும் வுடுங்கய்யா” என்றார், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மைக் பிடித்திருந்தவரிடம்.

“அண்ணா, நம்ம ஜவானுங்களுக்காகப் பண்றோம். அவங்க அங்க உயிரக் குடுக்கறாங்க, நீங்க பத்து நிமிஷம் குடுக்கக்கூடாதா?”

“ஜவானு என் வண்டியிலதான்யா உக்காந்துகினு இருக்கான். அவனத்தான் கொண்டுபோய் வுடணும்.”

இதைச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் அவர் யாரிடமோ தயவு கேட்டுக் காரணம் சொல்லியிருப்பார், அதுவே வினையாகிவிட்டது. கூலிங் கிளாஸ்காரர் முகம் மலர்ந்துபோயிற்று. மைக்கில் கத்தினார். “நம்ம நடுவுலயே ஒரு வீரர் இருக்காரு.” அடுத்த நிமிஷம் பஸ்ஸைச் சுற்றி ஒரே கூட்டம். என் வீட்டுக்காரரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். ஜீப்பின் மேல் ஏற்றினார்கள். தொடை பருமனில் ஒரு ரோஜா மாலையைக் கழுத்தில் போட்டார்கள். இருநூறு போன் ஒரே நேரத்தில் உயர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் போனும் உயர்ந்தது. என் புருஷனுக்கு ஊரே கை தட்டுகிறதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரயில் ஒரு மூன்று நிமிஷம் மறந்தே போயிற்று.

பிறகுதான் அவர் முகத்தைக் கவனித்தேன். கும்பிட்டபடி குனிந்து எதையோ சொல்கிறார். “அண்ணா, எனக்கு ட்ரெயின் இருக்குது.” கூலிங் கிளாஸ்காரர் அவர் கையைப் பிடித்து மேலே தூக்குகிறார். “உங்களுக்காகத்தான் சார் இவ்வளவு பேரும் வந்திருக்கோம். பெங்களூர் டீம் வந்துரட்டும். நீங்கதான் உறுதிமொழி சொல்லணும்.” அவர் கூச்ச சுபாவம். அத்தனை பேருடைய அன்பைத் தட்டிவிட்டு இறங்கத் தெரியவில்லை. ஆளுக்கொரு செல்ஃபி. ஒருவர் தன் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்று படம் எடுக்கிறார். நாலு மணி ஆயிற்று, நாலு பத்து ஆயிற்று. நான் கூட்டத்துக்குள் புகுந்து கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டிரைவர் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார். ஜீப்பின் பானெட்டில் கொடியை விரித்திருந்தார்கள். அதன் மேல் யாரோ ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள், ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தது. அவர் ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்தார். பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார். கொடியை இரண்டு கையாலும் எடுத்து உதறாமல் மடித்து, கூலிங் கிளாஸ்காரர் கையில் கொடுத்தார். நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் பம்பரில் கால் வைத்து மேலே ஏறினார்.

வீடியோ அங்கேதான் தொடங்குகிறது. காக்கிச் சட்டைக்காரர் ஏறுகிறார். மாலையைத் தலை வழியாகக் கழற்றப் பார்க்கிறார், சிக்கிக்கொள்கிறது, இழுக்கிறார், நார் அறுந்து ரோஜா சிதறுகிறது. வீரரின் கையைப் பிடித்து இழுத்து இறக்குகிறார். காக்கிச் சட்டைக்காரர் வாய் அசைவது தெரியும், ஆனால் மேலே பாட்டுப் போட்டுவிட்டார்கள். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். “இவன் சண்டைக்குப் போறவன்யா. இவனுக்கு மால எதுக்கு? வழியக் குடு.”

“தேசத் துரோகி” என்று ஒருவன் கத்தினான்.

“இருந்துட்டுப் போறேன். வழிய வுடு.”

சட்டையைப் பிடித்தார்கள். கழுத்துப் பொத்தான் தெறித்தது. அவர் அந்தப் பிடியோடேயே நடந்தார். “வழி விடு, தாரி பிடி, தாரி இவ்வு” என்று மூன்று பாஷையிலும் அதட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரரைக் கையில் பிடித்தபடி நடந்தார். அப்போது பஸ்ஸிலிருந்து எங்கள் பெண்கள் இறங்கினார்கள். கம்பெனி நீலக் கோட்டோடு இருபத்தைந்து முப்பது பேர். ஆளுக்கொரு பைக்கைப் பிடித்து ஓரமாகத் தள்ள ஆரம்பித்தார்கள். அப்பா இறந்தபோது பஸ்ஸில் அழுத அந்தத் தங்கை தனியாக ஒரு புல்லட்டைத் தள்ளிக்கொண்டு போனாள். பெண்கள் மேல் கை வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. முன்னால் நின்ற லாரிகளும் கார்களும் ஓரம் கட்ட, பஸ் அளவுக்கு ஒரு வழி பிறந்தது. அந்த வழியில் பஸ் எப்படிப் போயிற்று என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். ஒரு ஹேண்டில்பாரில்கூட இடிக்கவில்லை.

சந்தாபுராவோடு எங்கள் பஸ்ஸின் எல்லை முடிகிறது. எல்லாரும் இறங்கினார்கள். நாங்களும் பெட்டியைத் தூக்கினோம். “உக்காரு” என்றார். கம்பெனி பஸ்ஸை அந்தச் சாயங்கால நெரிசலில் யஷ்வந்த்பூர் வரை கொண்டுபோனார். வழியில் ஆபீசர் நாலு தடவை போன் செய்தார், பஸ் எங்கே போகிறது என்று அவர்களுக்குக் கம்ப்யூட்டரில் தெரியுமே. இவர் எடுக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்றபோது ஆறே முக்கால். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். “பொட்டிய எடு. பின்னாடி ஆட்டோக்காரன் கத்தறான்” என்றார் டிரைவர்.

பிளாட்பாரத்தில் எங்களுக்கு இருபது நிமிஷம் கிடைத்தது. அந்த இருபது நிமிஷம் எங்களுடையது, அதை எழுத மாட்டேன். ரயில் ஏறினார், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சண்டை நின்றது. நல்லபடியாக இருக்கிறார்.

மறுநாள் காலை அந்த வீடியோ எல்லா இடத்திலும் இருந்தது. கொடியைக் கீழே தள்ளினான் என்றார்கள், வீரரை அடித்தான் என்றார்கள், நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள் என்றுகூட எழுதினார்கள். பஸ்ஸில் கம்பெனி பெயர் தெளிவாகத் தெரிந்தது. நானும் ஒரு வீடியோவில் நடந்ததைச் சொன்னேன். அதைப் பார்த்தவர்கள் எங்கள் லைன் பெண்களும் என் அக்காவும்தான். திங்கட்கிழமை மத்தியானம் எச்.ஆர். ரூமுக்கு அவரைக் கூப்பிட்டார்கள், சாட்சி என்று என்னையும். முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அவருக்கு வேலை போய்விட்டது. ஆனால் அது போன விதத்தை அவர்கள் யாரும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

எச்.ஆர். மேனேஜர் கெட்டவர் இல்லை. பயந்தவர். மேஜையில் ஒரு டைப் அடித்த காகிதத்தை நகர்த்தினார்.

“மன்னிப்புக் கடிதம். கையெழுத்து மட்டும் போடுங்க. இத நாங்க வெளிய குடுத்துட்டா பிரச்சன முடிஞ்சுது. உங்க வேலையும் இருக்கும்.”

அவர் தெலுங்குப் பள்ளியில் படித்தவர். தமிழை விரல் வைத்துத்தான் படிப்பார். சத்தமாகப் படித்தார்.

“கடந்த வியாழக்கிழமை நான் ஓட்டிச் சென்ற பேருந்தில் ராணுவ வீரர் ஒருவரை அனுமதியின்றித் தவறுதலாக ஏற்றினேன். ஜூஜூவாடியில் ஆத்திரத்தில் அறிவிழந்து அவர் கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றினேன். தேசியக் கொடியை அவமதித்தேன். பாதை மாறி, பொறுப்பின்றி யஷ்வந்த்பூர் வரை பேருந்தை ஓட்டிச் சென்று அவரை இறக்கிவிட்டேன். இவற்றுக்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன். இனி ஒருபோதும் இவ்வாறு செய்ய மாட்டேன்.”

“பேனா குடுங்க சார்” என்றார். மேனேஜர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

“தவறுதலா இல்ல சார். தெரிஞ்சுதான் ஏத்துனேன்.” அந்த வார்த்தையின் மேல் ஒரு கோடு. “ஆத்திரமும் இல்ல. மணிய பாத்துட்டுத்தான் ஏறுனேன்.” இன்னொரு கோடு. “பொறுப்பு இல்லாமயா? பொறுப்பு இருந்ததாலதான் போனேன்.” இன்னொன்று. ‘வருந்துகிறேன்’ என்ற வரியின் மேலும், அதற்கடுத்த வரியின் மேலும் எதுவும் பேசாமல் கோடு போட்டார். கொடி இருந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது. “இத எழுதுனது யாரு சார்?” என்று கேட்டார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். இவர் அந்த வரியின் மேல் இரண்டு தடவை, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கோடு போட்டார்.

“என்னங்க பண்றீங்க? இத வெச்சு நான் உங்கள எப்படிக் காப்பாத்தறது?”

“இப்ப இருக்கறது நெசம் சார். இதுக்குக் கையெழுத்துப் போடறேன்.”

தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்தார். “ரெண்டே முக்காலுக்கு வண்டி எடுக்கணும்” என்று எழுந்து போய்விட்டார்.

நான் காகிதத்தைப் பார்த்தேன். கோடுகளுக்கு நடுவே மிச்சமிருந்தது இதுதான். கடந்த வியாழக்கிழமை நான் ஓட்டிச் சென்ற பேருந்தில் ராணுவ வீரர் ஒருவரை அனுமதியின்றி ஏற்றினேன். ஜூஜூவாடியில் அவர் கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றினேன். பாதை மாறி யஷ்வந்த்பூர் வரை பேருந்தை ஓட்டிச் சென்று அவரை இறக்கிவிட்டேன்.

“நீங்க போங்கம்மா. இதுல சாட்சி போட ஒண்ணும் இல்ல” என்றார் மேனேஜர்.

“இருக்கு சார். கொடி வரிய அடிச்சிட்டாரு, ஆனா அங்க நடந்தத எழுதாமப் போயிட்டாரு.”

“யோசிச்சுச் செய்யுங்கம்மா. உங்களுக்கும் வேலை வேணுமில்ல. கைக்குழந்த வேற இருக்குது.”

பேனாவை எடுத்தேன். கிழிந்த வரிக்கு மேலே இருந்த இடத்தில் எழுதினேன். ‘கொடியின் மேல் இருந்த ஹெல்மெட்டையும் பாட்டிலையும் எடுத்து வைத்துவிட்டு, கொடியை மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினார். நான் நேரில் பார்த்தேன். அந்த வீரர் என் கணவர். அவர் ரயிலைப் பிடித்துவிட்டார்.’ கீழே என் பெயரை முழுதாக எழுதினேன். பக்கத்தில் என் கம்பெனி டோக்கன் நம்பரையும் எழுதினேன், என்னைத் தேடி அவர்கள் அலைய வேண்டாமே.